ஜார்ஜியா மாப்பிள்ளை எந்த மாநிலத்து ஆள்?

அலபாமா மாநிலத்துப் பிங்க்னி ஊரில் சாவு, கல்யாணம், பிள்ளைப்பேறு எதுவும் இல்லாமல் ஒரு பெண் கேக்கைத் தூக்கிக்கொண்டு உங்கள் வாசல் படி ஏறினால் கேக்கைப் பார்க்கக் கூடாது, முகத்தைப் பார்க்க வேண்டும். வெர்லீன் டிட்மோர் ஊன்றுகோலைக் கக்கத்தில் இடுக்கி, வெண்ணெய்க் கேக்கை மார்போடு அணைத்துக்கொண்டு கதவை முழங்கையால் தட்டியபோது, ஹாய்ட் லெட்பெட்டர் முகத்தைத்தான் பார்த்தான். முகம் சரியில்லை.

“உள்ள வா வெர்லீன். கால் எப்படி இருக்கு?”

“கால் கெடக்கட்டும். நீ மொதல்ல ஒரு துண்டு சாப்பிடு.”

சாப்பிட்டான். வெர்லீன் பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கூடத்தில் காலமெல்லாம் சமைத்தவள். அந்தக் கவுண்டியில், அதாவது மாவட்டத்தில், முளைத்த பற்களில் பாதி அவள் பண்ணியதைக் கடித்துத்தான் பலப்பட்டன.

“நல்லா இருக்கா?”

“உன் கை பட்டது நல்லா இல்லாம போகுமா?”

“அப்பச் சரி. வர்ற திங்கக்கிழமை உன் மேல கேஸ் போடறேன்.”

கேக் தொண்டையிலேயே நின்றுவிட்டது. ஹாய்ட்டின் மனைவி நடீன் ஐஸ் டீயை அவன் பக்கம் நகர்த்தினாள். நகர்த்திய நிதானத்திலேயே அவளுக்கு முன்கூட்டித் தெரியும் என்பது விளங்கிவிட்டது. வெர்லீன் அவளுடைய சித்தி மகள். அந்தக் குடும்பத்துப் பெண்களுக்குள் ரகசியம் என்பது கல்லில் ஊற்றிய தண்ணீர் மாதிரி, நிற்காது.

விஷயம் இதுதான். ஹாக்லண்ட் பண்ணைக்கடைக்குக் கோழித்தீவனம் வாங்கப் போனாள் வெர்லீன். மாடு நக்குகிற உப்புக்கட்டிகளை அங்கே கோபுரம் மாதிரி அடுக்கி வைத்திருந்தார்கள். கோபுரம் சரிந்து அவள் முழங்காலில் இறங்கியது. அன்றிலிருந்து அவளால் அடுப்படியில் நிற்க முடியவில்லை, வேலையும் போயிற்று. அந்தக் கடையில் சரக்கு அடுக்கும் பகுதிக்கு மேலாளர் ஹாய்ட்.

“ஹாக்லண்ட் மேல போடு, யாரு வேணாங்கறா? ஓஹையோக்காரன், வசதியானவன். என்கிட்ட என்ன இருக்கு? ஒரு பிக்கப் வண்டி, ஒரு படகு. படகுலயும் ஓட்டை.”

“உன் ஓட்டப் படகு யாருக்கு வேணும்? நீ அலபாமாக்காரன், அது போதும் எனக்கு.”

“நானா?” என்றான் ஹாய்ட். அவன் முகத்தைப் பார்த்தால், வழக்கைவிட இந்தச் சொல்தான் அதிகம் சுட்டது போலிருந்தது.

வெர்லீன் தன் வக்கீல் கல்லன் யார்ப்ரோ சொன்னதை அப்படியே ஒப்பித்தாள். “நான் அலபாமா, கம்பெனி ஓஹையோ. ரெண்டு கட்சியும் வேற வேற மாநிலம், தொகையும் பெரிசுன்னா, கம்பெனிக்காரன் கேஸை நம்ம கவுண்டி கோர்ட்டுலருந்து அலேக்கா தூக்கி, மான்ட்கோமரில இருக்கற மத்திய அரசு ஃபெடரல் கோர்ட்டுல வச்சுடுவானாம். எதிர்க்கட்சியில ஒரே ஒரு ஆளு நம்ம மாநிலத்துக்காரனா இருந்தாலும் தூக்க முடியாதாம். அந்த ஒரு ஆளு நீதான்.”

“மான்ட்கோமரிக்குப் போனா என்ன, நியாயம் செத்தா போச்சு?”

“அங்க ஜூரியில யாரு உக்காருவா? எங்கெங்கயோ உள்ளவன். ‘கிழவி பாத்து நடந்திருக்கலாமே’ம்பான். இங்க உக்கார்ற பன்னெண்டு பேரும் என் கையால சாப்பிட்டவங்க. இந்தக் கால் எத்தன மணி நேரம் நின்னுச்சுன்னு அவங்க வயித்துக்குத் தெரியும். சரி, அந்த உப்பை அவ்வளவு ஒசரம் அடுக்கச் சொன்னது நீதான?”

“தலைமை ஆபீஸ்ல சொன்னாங்க.”

“அவங்க ஒன்கிட்ட சொன்னாங்க. நீ யாருகிட்ட சொன்னே?”

ஹாய்ட் இரண்டாவது துண்டு கேக்கை எடுத்துக்கொண்டான். சொன்னது அவன்தான். உண்மையை மென்று விழுங்குவதற்கு வெண்ணெய்க் கேக் நல்ல துணை.

‘நீ அலபாமாக்காரன்’ என்று சொன்னதற்கு இந்த மனிதன் ஏன் இப்படித் துடிக்க வேண்டும் என்று கேட்பீர்கள். ஹாய்ட் ஆற்றுக்கு அக்கரையில், ஜார்ஜியாவில் பிறந்தவன். நடீனைக் கட்டிக்கொண்டு இக்கரைக்கு வந்து அவளுடைய அப்பன் வீட்டிலேயே தங்கிப்போன வீட்டோடு மாப்பிள்ளை. வந்த முதல் நாள் டூலியின் சலூனில் முடிவெட்ட உட்கார்ந்தபோது, “சும்மா ஒரு வருஷம் இருந்துட்டு, அடுத்த வருஷம் ஊருக்குப் போயிடுவோம்” என்றான். அப்போது அவனுக்குத் தலை நிறைய கறுப்பு முடி. இப்போது டூலி வெட்டுவதற்குத் தேட வேண்டியிருக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு முறையும் நாற்காலியில் உட்கார்ந்ததும் அதே பேச்சுதான், அடுத்த வருஷம். பிக்கப்பின் பின்னால் சட்டத்துக்குப் பயந்து அலபாமா நம்பர் தகடு. முன்னால், சட்டம் கண்டுகொள்ளாத இடத்தில், ஜார்ஜியா பல்கலைக்கழகக் கால்பந்து அணியின் புல்டாக் நாய்ப் படம். கைக்கடிகாரத்தில் ஜார்ஜியா நேரம், அதாவது ஊரைவிட ஒரு மணி நேரம் முந்தி. சர்ச்சுக்கு அவன் மட்டும்தான் நேரத்துக்கு வருவான் என்று பாதிரியாருக்கு அவன்மேல் தனி மதிப்பு. ஊரில் அவனுக்குப் பெயரே ‘ஜார்ஜியா மாப்பிள்ளை’.

அந்தப் பெருமையே வெர்லீனின் வழக்குக்கு வேட்டு வைத்தது.

வழக்குப் போட்ட மறுவாரம் கம்பெனி வக்கீல் பர்மிங்ஹாமிலிருந்து போன் செய்தார். பெயர் வின்ஸ்லோ. தேன் தடவிய குரல். “உங்களுக்கும் சேர்த்து நானே வாதாடுறேன் மிஸ்டர் லெட்பெட்டர், கவலைப்படாதீங்க. சும்மா குறிச்சுக்கறதுக்குக் கேக்கறேன், நீங்க அலபாமாக்காரர்தானே?”

வழுக்கி விழுந்தவன் கை தானாகத் தரையைத் தேடுவது போல, ஹாய்ட்டின் வாய் தானாகச் சொன்னது. “கடவுளே, இல்ல சார். நான் ஜார்ஜியா. இங்க சும்மா இருக்கேன். அடுத்த வருஷம் போயிடுவேன்.”

மறுமுனையில் சத்தமே இல்லை. சந்தையில் பழைய பாத்திரம் விற்கிற கிழவியின் கடையில் வெள்ளிக் குத்துவிளக்கைக் கண்டுவிட்ட வியாபாரி, மூச்சை அடக்கிக்கொண்டு விலை கேட்பான் பாருங்கள், அந்த மௌனம்.

“அப்படியா,” என்றார் வின்ஸ்லோ, மெதுவாக. “இன்னும் கொஞ்சம் சொல்லுங்களேன்.”

ஹாய்ட் சொன்னான். கேட்காததையும் சொன்னான். அக்கரையில் அப்பன் விட்டுப்போன வீடு இருக்கிறது என்றான். அதற்குப் பாதிக் கூரை இல்லை என்பதை மட்டும் விட்டுவிட்டான். வாரம் முடிவதற்குள் வழக்கு மான்ட்கோமரிக்குப் போய்விட்டது. வெர்லீன் அலபாமா, கம்பெனி ஓஹையோ, லெட்பெட்டர் ஜார்ஜியா. இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் பொதுவான மாநிலம் கிடையாது என்று வின்ஸ்லோ எழுதிவிட்டார். தொகை எழுபத்தைந்தாயிரம் டாலருக்கு மேல் என்று காட்ட வேண்டுமாம், அதற்காக வெர்லீனின் முழங்காலைப் பற்றி அவர் எழுதியிருந்ததைப் படித்தால் கல்லும் அழும். எத்தனை வேதனை, எத்தனை தூக்கமில்லாத இரவு, ஆயுசுக்கும் மாறாத ஊனம். சரக்கு வாங்க வந்தவனே விலையை ஏற்றிக் கூவுகிற சந்தையை அன்றுதான் கண்டேன் என்று கல்லன் யார்ப்ரோ சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

வெர்லீனுக்குச் சிரிப்பு வரவில்லை. மறுபடி வந்தாள். இந்த முறை கையில் கேக் இல்லை.

“நீ என்னடா சொன்னே அவன்கிட்ட?”

“எப்பவும் சொல்றதத்தான் சொன்னேன். நீயும் கேட்டிருக்கியே.”

“சலூன்ல சொல்றதும் சட்டத்துல சொல்றதும் ஒண்ணாடா? கேஸைத் திருப்பி அனுப்பச் சொல்லிக் கல்லன் மனு போட்டிருக்காரு, ஜட்ஜம்மா உன்னக் கூப்பிட்டு விசாரிக்கப் போறாங்களாம். எந்த மாநிலத்துல வீடு இருக்குங்கறது கணக்கில்லயாம். எங்க நெலச்சு இருக்கணும்னு ஒருத்தன் மனசுல நெனைக்கிறானோ, அதான் அவன் மாநிலமாம். உன் மனசுல என்ன இருக்குன்னு சொல்லணும். பைபிள் மேல கை வச்சு.”

“நான் அலபாமான்னு சொல்லணுங்கறியா?”

“பொய் சொல்லச் சொல்லல ஹாய்ட். மான்ட்கோமரியில தோத்தேன்னா எனக்கு இந்தக் கால் இப்படியேதான். அத மட்டும் தெரிஞ்சுக்க.”

ஊன்றுகோலைத் தட்டித் தட்டிக்கொண்டு அவள் போனாள். ஹாய்ட்டுக்கு ஒவ்வொரு தட்டலும் நெற்றியில் விழுந்தது.

அந்தப் பக்கம் வின்ஸ்லோ அவனைப் பன்றிக்கறி சுடுகிற கடைக்குக் கூட்டிக்கொண்டு போய் விலா எலும்பாக வாங்கிக் கொடுத்தார். “உங்கள ஒரு வார்த்த மாத்திச் சொல்லச் சொல்லல. நீங்க நீங்களாவே இருங்க. சலூன்ல எப்படிச் சொல்லுவீங்களோ அப்படி.”

இரண்டு பக்கமும் உண்மையைச் சொல் என்றே கெஞ்சுகிறார்கள். உலகத்தில் எந்தச் சாட்சிக்கும் இப்படி ஒரு கஷ்டம் வந்ததில்லை என்று தோன்றியது ஹாய்ட்டுக்கு. அலபாமா என்று சொன்னால் டூலியின் கடையில் சாகிறவரை தலை நிமிர முடியாது. ஜார்ஜியா என்று சொன்னால் வெர்லீனின் கால் போயிற்று.

விசாரணை அன்று காலை நடீன் முட்டையும் கிரிட்ஸ் என்கிற சோளக்கஞ்சியும் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். உட்கார்ந்து சாப்பிடுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

“ஹாய்ட், எனக்கு ஒண்ணு தெரியணும்.”

“கேளு.”

அவன் தட்டில் இன்னொரு கரண்டி கஞ்சியை வைத்தாள். “வேணாம் விடு. வீட்டுல கேட்டா வீட்டுப் பதில்தான் சொல்லுவே. அங்கயே சொல்லு, பின்னால உக்காந்து கேட்டுக்கறேன். அங்க பொய் சொன்னா ஜெயில்ல போடுவாங்க.”

அப்போதுதான் ஹாய்ட்டுக்கு உறைத்தது. தன் பேச்சை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை என்று இத்தனை காலம் நினைத்திருந்தான். நாளை மூட்டை கட்டச் சொல்வானோ, தான் பிறந்த வீட்டை விட்டுப் போக வேண்டியிருக்குமோ என்று ஒருத்தி கேட்டுக்கொண்டே சமைத்திருக்கிறாள்.

மான்ட்கோமரி கோர்ட்டில் கூட்டம் இல்லை. நீதிபதி ஆபர்நாதி என்கிற அம்மாள், ஒட்டிய கன்னமும் மூக்கு நுனியில் கண்ணாடியுமாக, ஊறுகாய் ஜாடியின் மூடியைப் போல இறுக்கமாக உட்கார்ந்திருந்தார். ஹாய்ட் சாட்சிக் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்தான்.

வின்ஸ்லோ எழுந்தார். “உங்க சொந்த ஊர் எது?”

“ஜார்ஜியா சார்.”

“உங்க கடிகாரத்துல இப்ப எந்த நேரம்?”

“ஜார்ஜியா நேரம்.”

“இந்த ஊர்ல எத்தன நாளுக்கு இருக்கறதா எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கீங்க?”

“அடுத்த வருஷம் போயிடுவேன்னு.”

வின்ஸ்லோ நல்ல வியாபாரி. படிந்த பேரத்தை மேலும் கிளறாமல் உட்கார்ந்துவிட்டார். கல்லன் யார்ப்ரோ தம் கால்சட்டை வாரைச் சரிசெய்துகொண்டு எழுந்திருக்குமுன் நீதிபதி கையை உயர்த்தினார்.

“மிஸ்டர் லெட்பெட்டர், அடுத்த வருஷம்னு எப்பலேருந்து சொல்றீங்க?”

“கல்யாணம் ஆனதுலேருந்து அம்மா.”

“ஏன் போகல?”

“மொதல்ல மாமியாருக்கு ஒடம்பு சரியில்ல. அப்புறம் மாமனாருக்கு. அப்புறம்... நாய் குட்டி போட்டிருந்துச்சு.”

“அதுக்கப்புறம்?”

“வருஷா வருஷம் நடீன்கிட்ட கேப்பேன் அம்மா. போலாமான்னு. அவ வேணாம்பா. சரின்னு விட்டுடுவேன்.”

“அவங்க சரின்னு சொல்லியிருந்தா?”

ஹாய்ட் வின்ஸ்லோவைப் பார்த்தான். வின்ஸ்லோ தாளைப் பார்த்தார். வெர்லீனைப் பார்த்தான்; அவள் நீட்டிய காலைப் பெஞ்சில் வைத்திருந்தாள். கடைசியில் பின் வரிசையைப் பார்த்தான். நடீன் கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“ஒரு தடவ சொன்னா அம்மா,” என்றான்.

“என்ன சொன்னாங்க?”

“போன வருஷம், தை மாசக் குளிர்ல. எப்பவும் போல போலாமான்னு கேட்டேன். ‘சரி, போலாம்’னுட்டா. பாத்திரம் தேச்சுக்கிட்டே, திரும்பிக்கூடப் பாக்காம.”

“நீங்க என்ன செஞ்சீங்க?”

“சோறு எறங்கல அம்மா. ராத்திரி பூரா முழிச்சுக்கிட்டுக் கெடந்தேன். விடிஞ்சதும் வண்டிய எடுத்துக்கிட்டுப் போயி...”

“எங்க போனீங்க? ஜார்ஜியாவுக்கா?”

“நர்சரிக்கு. பீக்கன் கொட்டை மரக் கன்னு வாங்கிட்டு வந்தேன். ஆறு கன்னு. கொல்லையில நட்டேன். நட்டுட்டு, ‘இப்பத்தான் மரம் வச்சிருக்கோம், விட்டுட்டு எப்படிப் போறது?’ன்னு அவகிட்ட சொன்னேன்.”

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். அவரும் பண்ணைக் குடும்பத்தில் பிறந்தவர் என்பது அப்போதுதான் வெளியே வந்தது. “பீக்கன் காய்க்க எத்தன வருஷம் ஆகும் மிஸ்டர் லெட்பெட்டர்?”

“நல்லாக் காய்க்கணும்னா பத்து வருஷத்துக்குக் கொறயாது அம்மா.”

“அது தெரிஞ்சேதான் நட்டீங்களா?”

“தக்காளி நட்டா ஆடி மாசத்தோட முடிஞ்சு போயிடும் அம்மா,” என்றான் ஹாய்ட். “அதுக்கப்புறம் என்ன சாக்குச் சொல்றது?”

கோர்ட்டில் சிரிக்கக் கூடாது என்று விதி. குறிப்பெடுக்கிற பெண்மணி முதலில் மீறினாள். வின்ஸ்லோ எழுந்து, “ஆனா சாட்சியோட இத்தன வருஷப் பேச்சு...” என்று ஆரம்பித்தார்.

“பேச்சு ஜார்ஜியாவுல இருக்கு வக்கீல் சார்,” என்றார் நீதிபதி. “ஆள் இங்க வேர் விட்டிருக்காரு. பொண்டாட்டியோட ஊர் புருஷனோட ஊர்தான்னு அந்தக் காலத்துச் சட்டம் சொல்லுச்சு. அது எப்பவோ போயிடுச்சு. இந்த ஒரு வீட்டுல மட்டும் அது தலைகீழா நடந்திருக்கு. மிஸ்டர் லெட்பெட்டர், சத்தியத்தின் பேர்ல ஒரே கேள்வி. எங்க இருக்கணும்னு நெனைக்கிறீங்க?”

அந்த ஒரு சொல்லைச் சொல்ல ஹாய்ட்டுக்கு வாய் இரண்டு முறை திறந்து மூடியது. “அலபாமா,” என்றான், பல் பிடுங்கிக்கொண்டவன் குரலில்.

வழக்கைக் கவுண்டி கோர்ட்டுக்கே திருப்பி அனுப்பினார் நீதிபதி. வெளியே படியில் வெர்லீன் அவன் கன்னத்தைக் கிள்ளினாள். நடீன் நேராக வண்டியில் ஏறினாள். பாதி வழியில், சாலையைப் பார்த்தபடியே பேசினாள்.

“நீ போகமாட்டேன்னு எனக்குத் தெரியணும்னுதான் அன்னிக்கு சரின்னேன்.”

“தெரிஞ்சுதா?”

“ஆறு குழி வெட்டினப்ப, நீ போகமாட்டியோன்னு கொஞ்சம் சந்தேகம் வந்துச்சு. நீ வாய் தெறந்து சொல்லுவேன்னு பாத்தேன். அதுக்கு ஒரு ஃபெடரல் ஜட்ஜு வேண்டியிருந்துச்சு.”

வழக்கு ஊருக்குத் திரும்பியதும் வின்ஸ்லோவும் ஊருக்கு வந்தார். மான்ட்கோமரியில் கோமேதகமாக ஜொலித்த அதே முழங்கால் இங்கே வந்ததும் சாதாரணச் சுளுக்காகிவிட்டது. பேரம் பேசுமுன் மதியச் சாப்பாட்டுக்கு ஓட்டலில் உட்கார்ந்தார். பரிமாறியவள் வெர்லீனக்காவுக்குக் கால் எப்படி என்று கேட்டாள். பில் போட்டவன் கேட்டான். பக்கத்து மேசையில் இருந்த ஷெரிப் கேட்டார். காருக்குப் பெட்ரோல் போட்ட பையன், ‘அந்தம்மா பண்ற மக்ரோனி இனிமே கெடைக்காதாமே சார்’ என்று கண் கலங்கினான். ஜூரியைக் கூப்பிட வேண்டிய அவசியமே வரவில்லை. சாயங்காலத்துக்குள் வின்ஸ்லோ படிந்துவிட்டார். மான்ட்கோமரியில் அவரே கூவிய விலை ஒன்றும் மாறவில்லை, கடை இருந்த தெருதான் மாறியது. வெர்லீனுக்குப் புது முழங்கால் வைத்தார்கள். ஹாய்ட் மேல் போட்ட வழக்கை அவளே திரும்பப் பெற்றுக்கொண்டாள்.

சலூனில் டூலி ஒரு வாரம் சிரித்தான். அது ஹாய்ட் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது நவம்பரில் வந்தது.

அலபாமாவில் ஒருவன் எந்த மதமாகவும் இருக்கலாம், மதமே இல்லாமலும் இருக்கலாம். ஆனால் நன்றித் திருநாள் முடிந்த சனிக்கிழமை அலபாமா பல்கலைக்கழக அணியும் ஆபர்ன் அணியும் அமெரிக்கக் கால்பந்தில் மோதும்போது, எந்தப் பக்கம் என்று சொல்லாமல் மட்டும் இருக்க முடியாது. இதுவரை ஹாய்ட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஜார்ஜியாக்காரன் என்று விட்டுவிடுவார்கள். இப்போது அவன் கோர்ட்டில் சத்தியம் செய்துகொடுத்த அலபாமாக்காரன்.

வெர்லீன் புது முழங்காலால் படியேறி வந்து அலபாமா அணியின் கருஞ்சிவப்புத் தொப்பியை அவன் மடியில் போட்டாள். “என் கேஸுலதான நீ இந்த மாநிலத்து ஆளானே. அப்ப எங்க பக்கம்தான்.”

நடீன் குடும்பம் பரம்பரை ஆபர்ன். அவள் அந்த அணியின் நீலச் சட்டை ஒன்றை இஸ்திரி போட்டு நாற்காலி முதுகில் மாட்டினாள். “யாரு வீட்டுல இருக்கணும்னு ஜட்ஜம்மாகிட்டச் சொன்னே?”

“கோர்ட்டுல இதக் கேக்கலயே,” என்றான் ஹாய்ட்.

“அதனாலதான் நாங்க கேக்கறோம்,” என்றாள் வெர்லீன்.

ஆட்டம் தொடங்கியது. இருவருக்கும் நடுவே சோபாவில் அவனை உட்கார வைத்தார்கள். அலபாமா முதல் முறை கோட்டைத் தாண்டியதும் வெர்லீன் துள்ளினாள். நடீன் திரையைப் பார்க்கவில்லை, அவன் முகத்தைப் பார்த்தாள். ஹாய்ட் சிப்ஸ் எடுத்துவருகிறேன் என்று சமையலறைக்குப் போனான். திரும்பி வந்து உட்கார்வதற்குள் ஆபர்ன் ஒன்று போட்டது. இப்போது வெர்லீன் அவன் முகத்தைப் பார்த்தாள். சாஸ் மறந்துவிட்டேன் என்று எழுந்தான். இடைவேளைக்குள் மேசையில் எட்டு வகைச் சாஸ், அடுப்பில் சாசேஜ், யாரும் கேட்காத வறுத்த வேர்க்கடலை எல்லாம் சேர்ந்துவிட்டன. கடைசிக் கட்டத்தில் இரண்டு அணியும் சரிசமமாக நின்றன. இரண்டு பெண்களும் கைகோத்துக்கொண்டு, மூச்சுவிடாமல், ஒரே நேரத்தில் அவன் பக்கம் திரும்பினார்கள்.

“ஹாய்ட்,” என்றாள் நடீன். “இப்ப எங்க கெளம்பிட்டே?”

“ஐஸ் தீந்துபோச்சு,” என்றான், வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டே.